எட்டாவது மரம்

அன்றைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் இவர்கள்.

பெரிய துரை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைக்கார டாக்டர். மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து காரில் வருவார்.

டிரெசர். தோட்டத்தில் மருந்து கொடுப்பவர். பினாங்கில் படித்தவர். துரை பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சைத் துரைக்கும் மாற்றிச் சொல்பவரும் அவரே.

கங்காணி. எங்களை ஊரிலிருந்து கப்பல் ஏற்றிக் கொண்டுவந்தவர்.

என் வீட்டுக்காரர். முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

நான். தூணோரம் நின்றேன்.

எங்கள் மகள் ஆயக்கொட்டகையில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

முடிவாக வேண்டியது ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் என்று டாக்டர் எழுதுவாரா மாட்டாரா. எழுதினால் முதலில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அங்கிருந்து பினாங்கு. பினாங்கிலிருந்து கப்பல். அப்போது ரப்பர் விலை விழுந்திருந்தது. தோட்டத்தில் ஆள் கூட, வேலை கம்மி. வேலைக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிய ஆட்களைக் காசில்லாமல் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் அவருக்கு இரண்டு அண்ணன்மார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு அவர்கள் அவரை ஒரு கோவிலில் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு வைத்தார்கள். ஒரு மண்டலம். பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள். கணுக்காலில் தழும்பு உண்டு. பிறகு கங்காணி ஆள் சேர்க்க வந்தபோது ஊரில் முதலில் பேர் கொடுத்தவர் அவர்தான்.

அதனால் கப்பல் என்றால் எங்களுக்குச் சங்கிலி.

அவர் பாட்டுக் கட்டுவார். அதுதான் விஷயம். கும்மிப் பாட்டு. பெண்கள் வட்டமாக நின்று கை தட்டி ஆடும் பாட்டை ஆம்பிளை கட்டுவதை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் கண்டதில்லை. அவருக்குக் குரல் கிடையாது. தவளை மாதிரி இருக்கும். எனக்குச் சொல்லிக் கொடுப்பார். நான் மற்றப் பெண்களுக்குச் சொல்வேன்.

பாட்டு வரும்போது அவர் வேறு ஆள். தலையில் துண்டை இறுக்கிக் காதை மூடிக் கட்டிக்கொள்வார். கட்டிய வரியை எனக்கு முணுமுணுப்பதோடு சரி, வேறு பேச மாட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில். உப்பு வேண்டுமென்றால் தாடையை நீட்டிக் காட்டுவார். படுத்தால் தூங்க மாட்டார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவார். மகளுக்குக் காய்ச்சல் கண்ட வாரமும் அப்படித்தான் இருந்தார். நான் தூக்கிக்கொண்டு போனேன்.

பாட்டு முடிந்ததும் துண்டை அவிழ்த்துவிட்டு, "குழம்புல புளி கூட" என்பார். அத்தனை நாளைக்கும் சேர்த்து அந்த ஒரு பேச்சு.

பக்கத்து வீட்டு மதினி வாய் சும்மா இராது.

"உன் வீட்டுக்காரரு பேசமாட்டேங்குறாருன்னு கவலப்படாத. எங்க வீட்டு ஆளு கள்ளுக்கடையிலருந்து வந்தா விடிய விடியப் பேசுது. மாத்திக்கலாமா?"

"கூட்டிட்டுப் போ" என்றேன்.

"வேணாம் தாயி. அது மரத்தோட குடும்பம் நடத்துற ஆளு. எனக்கு இலையும் தழையுமா புள்ள பொறந்தா என்ன செய்யுறது?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அவள்தான் என்னிடம் முதலில் வந்து பாட்டைக் கற்றுக்கொண்டு போவாள்.

கங்காணிக்கு அவர் பாட்டு வேண்டும். காரணம் உண்டு. போன வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வந்து கும்மி அடித்தார்கள். புதுப் பாட்டு. என் வீட்டுக்காரருக்கு அந்தச் சமயம் பாட்டு வரவில்லை. எங்கள் பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டையே பாடினார்கள். "பழைய பாட்டும் பழைய சோறும் இந்தத் தோட்டத்துல மலிவு போல" என்று அவர்கள் கங்காணி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எங்கள் கங்காணிக்கு அது செரிக்கவில்லை. இந்த வருஷம் ஈப்போவில் போய் எங்கள் பெண்களுக்கெல்லாம் கண்ணாடி வளையல் வாங்கி வைத்துவிட்டார். பாட்டு மட்டும் பாக்கி.

திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் துண்டைக் கட்டினார். பாட்டு வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. கங்காணிக்கும் தெரிந்தது. வெற்றிலை கொடுத்தார்.

பிறகு அவர் கொண்டுவரும் ரப்பர் பாலின் அளவு குறைந்தது.

பால்வெட்டில் ஒரு ஆளுக்கு முந்நூற்று இருபது மரம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு, அவரவர் நிரைக்குப் போய் ஒவ்வொரு மரமாக வெட்டி பால் வடிய மங்கு வைக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். என் நிரையும் அவர் நிரையும் அடுத்தடுத்து. புருஷன் பெண்சாதிக்கு அப்படித்தான் கொடுப்பார்கள்.

கங்காணி அவர் நிரையைப் பார்க்க வந்தார். நடுநடுவே மரம் வெட்டாமல் நின்றது. பட்டையில் கத்தி படவே இல்லை. மங்கு காய்ந்து கிடந்தது.

"என்னடா இது? கண்ணு தெரியலையா?"

அவர் அடுத்த மரத்துக்குப் போனார்.

அரைப் பேரு போட்டார்கள். அரை நாள் கூலி. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரம் பெரிய துரையே குதிரையில் வந்து பார்த்தார். சோம்பேறி என்றால் அவருக்குப் புரியும். இந்த ஆள் ஓடி ஓடி வெட்டுகிறார், வெட்டு சுத்தமாக இருக்கிறது, ஆனால் சில மரத்தை மட்டும் கையால் தொட்டுவிட்டுத் தாண்டிப் போகிறார். துரை இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். விரட்டச் சொன்னார்.

அப்போது டிரெசர்தான் குறுக்கே வந்தார். துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர் டிரெசர். அவரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அன்று மாலை என்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

"உன் புருஷனுக்கு நோயின்னு சொல்லித்தான் நிறுத்தி வச்சிருக்கேன். பொய் சொல்லல. நிசமாவே நோய்தான்."

"என்ன நோய்ங்க ஐயா?"

"மேனியான்னு ஒண்ணு இருக்கு. மெலங்கோலியான்னு ஒண்ணு இருக்கு. இவனுக்கு ரெண்டும் மாறி மாறி வருது. பாட்டுக் கட்டுறவன், படம் எழுதுறவன், இந்த மாதிரி ஆளுங்களுக்கு வரும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"எங்கங்க இருக்குது அது?"

தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"பாட்டு எங்கங்க இருக்கும்?"

மறுபடியும் அதே இடத்தைத் தொட்டார்.

"அப்ப, மருந்து உள்ள போனா எது எதுன்னு அதுக்குத் தெரியுமா?"

அவர் போத்தலில் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தை ஊற்றிக் கொடுத்தார். "காலையில ஒரு அவுன்ஸ். ராத்திரி ஒரு அவுன்ஸ்" என்றார்.

மருந்து வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் துண்டை அவிழ்த்தார். தூங்கினார். குறட்டை விட்டார். எல்லா மரத்தையும் வெட்டினார். மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டினார். என்னிடம், "இன்னைக்கு என்ன ஆக்கப்போற?" என்று கேட்டார். கல்யாணமாகி அப்படி அவர் கேட்டது இல்லை. கருவாடு என்றேன். சரி என்றார். எனக்கு அந்த நாட்கள் நன்றாக இருந்தன.

"எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. காதுக்குள்ள ஆள் இல்ல."

"பாட்டு?"

"அதான் சொன்னேனே. ஆள் இல்ல."

வருத்தமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகவும் சொல்லவில்லை. வீட்டில் விறகு இல்லை என்பது போலச் சொன்னார்.

திருவிழா நெருங்கியது. கங்காணி வீட்டுக்கு வந்தார். பாட்டு எங்கே என்றார். இல்லை என்றேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, அந்த மருந்த நிறுத்துங்க."

"ஏன்? ஆளுக்குக் குணமாயிருச்சே."

"அதான் சூசா, தொல்லையே அதான். குணமாயிட்டான். எனக்கு அவன் குணமாகாம ஒரு மாசம் வேணும். திருவிழா முடியட்டும். அப்புறம் ஒரு போத்தல் இல்ல, ஒம்பது போத்தல் ஊத்துங்க. நானே வந்து வாயத் தொறந்து பிடிச்சுக்கிறேன்."

"கங்காணி, அவன் மனுசனா கரகமா? வேணும்போது எறக்கி வேணாம்னா ஏத்தி வைக்க?"

"மரத்த விட்டதுக்கு அவனுக்கு அரைப் பேரு போட்டவன் நான். எனக்குத் தெரியாதா அவன் மனுசனா இல்லையான்னு?"

"மருந்து நிறுத்தினா மறுபடி மரத்த விடுவான். துரை விரட்டுவாரு. அதையும் நீயே பார்த்துக்கிறியா?"

கங்காணி வளையலுக்கு எவ்வளவு கொடுத்தேன் தெரியுமா என்று முனகிக்கொண்டே படி இறங்கினார்.

இரண்டு பேர் சண்டையும் வீண். மருந்தை என் வீட்டுக்காரரே நிறுத்திவிட்டார். பப்பாளி மரத்தின் அடியில் ஊற்றினார். நான் பார்த்தேன்.

"ஏங்க, மருந்து."

"பாதியில நிக்குது" என்றார்.

பாட்டைத்தான் சொன்னார். மூன்றாம் நாள் துண்டைக் கட்டினார்.

மரமும் விடப்பட்டது. துரை இந்த முறை விரட்டச் சொல்லவில்லை. நோய் என்று டிரெசர் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. நோய் என்றால் டாக்டர் பார்க்கட்டும், எழுதட்டும், கப்பலில் ஏற்றுங்கள் என்றார். காப்பாற்றச் சொன்ன பேர்தான். இப்போது அதுவே கப்பலுக்கு வழியாயிற்று. டிரெசர் என்னிடம் வந்து, "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார். தெரியும் ஐயா என்றேன்.

இனி வராந்தா.

டாக்டர் வயசானவர். முகம் சிவந்து இருந்தார். அவசரப்படவில்லை. என் வீட்டுக்காரரின் நாக்கைப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். சின்னச் சுத்தியல் ஒன்றால் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளியது. கணுக்கால் தழும்பைப் பார்த்து என்ன என்று கேட்டார். டிரெசர் சொன்னார். டாக்டர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

பிறகு கேள்வி. பேர் என்ன, எத்தனை பிள்ளை, இது என்ன மாதம். அவர் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. துண்டு காதில் இறுகி இருந்தது. கையில் விரல்கள் மட்டும் தொடையில் அசைந்தன. பாட்டு நடுவில் இருந்தார்.

பெரிய துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். டிரெசர் மாற்றிச் சொன்னார்.

"எதுக்கு மரத்த விடுறான்னு உனக்குத் தெரியுமான்னு கேக்குறாரு."

எனக்குத் தெரியும். அடுத்த நிரையில் வெட்டுகிறவள் நான். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

"ஏழு வெட்டி ஒண்ணு விடுறாருங்க. எட்டாவது மரம்."

கங்காணி திரும்பிப் பார்த்தார். டிரெசர், "எப்பவுமா?" என்றார்.

"எப்பவும். கும்மிக்கு ஏழு தட்டு. எட்டாவதுக்குக் கை விரிச்சு நிக்கணும். மூச்சு வாங்குற எடம். இந்தப் பாட்ட அவரு வெட்டிக்கிட்டேதான் கட்டுறாரு. ஒரு சொல்லுக்கு ஒரு மரம்."

டிரெசர் சொன்னதும் டாக்டர் என்னைப் பாடச் சொன்னார். துரை முன்னால் பாட எனக்கு வெட்கம். ஆனால் கப்பல் இருந்தது. வராந்தா நடுவில் வந்து நின்றேன். அதுவரை அவர் எனக்குச் சொல்லியிருந்த வரியைத் தட்டிப் பாடினேன்.

வெள்ளை வடியுது வாளி நிறையுது
வேர்வை வடியுது கும்மியடி
பிள்ளை அழுகுது பேரு முடியலே
பேசாமல் நின்றொரு கும்மியடி

ஏழு தட்டினேன். கையை விரித்து நின்றேன். மறுபடி ஏழு. மறுபடி நின்றேன். டாக்டர் விரலை மடக்கி எண்ணினார். இன்னொரு முறை என்றார். இரண்டாம் முறை கங்காணியும் தன்னை அறியாமல் தட்டிவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்போது என் வீட்டுக்காரர் வாய் திறந்தார்.

"'நின்றொரு'ன்னு இழுக்காத. வெட்டிச் சொல்லு."

டிரெசர் சிரித்துவிட்டார். டாக்டர் என்ன என்றார். சொன்னதும் அவரும் சிரித்தார். பெரிய துரை சிரிக்கவில்லை.

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். பேச ஆரம்பித்த ஆளை விடவில்லை.

"அது மரமா, வேற ஏதாவதான்னு கேக்குறாரு" என்றார் டிரெசர்.

"மரம்னு தெரியாமலா பால் வெட்டுறேன்?"

"பாட்டு வேணாம்னு நெனைச்சா நிறுத்த முடியுமா?"

தொடையில் அசைந்த விரல்கள் நின்றன. "முடியாது" என்றார்.

"தூக்கம்?"

"வராது."

"மருந்து குடிச்சப்ப?"

"வந்துச்சி. பாட்டு போயிருச்சி."

டாக்டர் என்னிடம் கேட்டார். அடிப்பாரா என்று. இல்லை என்றேன். பிள்ளையை? இல்லை. அவரோடு இருக்கிறது கஷ்டமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் இருக்கும்போதேதான் சொன்னேன். அவருக்கும் தெரிந்ததுதான்.

டாக்டர் நெடுநேரம் இங்கிலீஷில் பேசினார். டிரெசர் எனக்குச் சுருக்கிச் சொன்னார்.

"மரத்துக்குக் காரணம் சரியாத்தான் இருக்கு, ஆனா அதனால நோய் இல்லைன்னு ஆயிடாதுங்குறாரு. தூக்கம் கெட்டு, சோறு கெட்டு, புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் தெரியாம இருக்கான். அதுக்குப் பேரு இருக்கு. எழுதவும் செய்யலாம். ஆனா இவன அந்த ஆஸ்பத்திரியில போட்டு என்ன செய்யுறதுன்னு அவருக்கே தெரியலையாம். பாத்துக்க ஆள் இருந்தா இங்கயே இருக்கட்டும்னு சொல்றாரு. நீ பாத்துக்குவியா?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

பெரிய துரை எழுந்தார். டாக்டரிடம் இல்லை, கங்காணியிடம் மலாயும் தமிழும் கலந்து பேசினார். நோயோ பாட்டோ எனக்கு வேண்டாம். மரம் வெட்டணும். ஒரு மரம் விட்டாலும் லயத்தைக் காலி செய்ய வேண்டும்.

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தொடையைப் பார்த்தார். சரி என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. பொய் சொல்ல வராது.

"அந்த மரத்த நான் வெட்டுறேன்" என்றேன்.

டிரெசர் மாற்றிச் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க ஐயா" என்றேன். சொன்னார்.

துரை கங்காணியைக் கேட்டார். இவளால் முடியுமா என்று.

"முடியும் துரை. இவ கை சுத்தம். பட்டைல காயம் வராது" என்றார் கங்காணி. வளையல் அவர் வாயில் பேசியது. இருந்தாலும் உண்மைதான்.

அதற்குத் தனிக் கூலி கிடையாது என்றார் துரை. நான் கேட்கவில்லை.

டாக்டர் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி டிரெசரிடம் கொடுத்தார். டிரெசர் படித்துச் சொன்னார். வேலைக்கு ஆகும். மனைவி பொறுப்பு. நோயின் பேர் அதில் இல்லை. எழுத மறந்தாரோ, வேண்டாமென்று விட்டாரோ தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் தண்ணீர்க் குழாயடியில் அவர் நின்றார்.

"நீ வெட்டுறது எனக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

"பின்னாடி தள்ளி வா. நான் பதினாறு மரம் தாண்டினதும் வெட்டு."

சரி என்றேன்.

திருவிழாவில் எங்கள் பெண்கள் வளையல் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி வந்திருந்தார். எங்கள் கங்காணி அவருக்கு எதிரே போய் நின்றுகொண்டு, பாட்டு முடியும்வரை அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மதினிதான் முன்னால் நின்று பாடினாள். "பேசாமல் நின்றொரு" என்று வரும்போது என் வீட்டுக்காரரைக் கையால் காட்டினாள். சிரிப்பு எழுந்தது. அவர் கோவிலுக்கு வெளியே, துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போனார். யாரும் சொல்லவில்லை.

"முடிஞ்சிருச்சி ஐயா. இப்ப ஊத்துங்க. தூங்கணும்" என்றாராம்.

டிரெசர் கொடுத்தார். அதன் பிறகு அப்படித்தான் நடந்தது. பாட்டு இல்லாதபோது குடிப்பார். வரும்போது நிறுத்துவார். டிரெசருக்கு அது பிடிக்கவில்லை. மருந்து என்றால் தொடர்ந்து குடிக்க வேண்டும் என்பார். குடிக்கும் மாதங்களில் கருவாடா கீரையா என்று வீட்டில் கேட்பார். மகள் அந்த மாதங்களில்தான் அவரிடம் ஒட்டுவாள். அந்த அப்பாவைத்தான் அவளுக்குப் பிடிக்கும். மற்ற அப்பாவின் பாட்டைத்தான் அவள் பிறகு தன் பிள்ளைகளுக்குப் பாடினாள்.

நோயா என்று பிற்காலத்தில் பலர் என்னைக் கேட்டார்கள். படித்தவர்களும் கேட்டார்கள். டிரெசர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் பேய் என்று சொன்னவர்களை நம்பவில்லை. அவருக்கு என்ன பேர் வைத்தாலும் விடிந்ததும் அந்த மரங்கள் நின்றன. கத்தி வேண்டும், மங்கு வேண்டும், வெயிலுக்கு முன்னால் முடிய வேண்டும்.

அவர் உயிரோடு இருந்தவரை வெட்டினேன். ஒரு நாளும் விடவில்லை. என் நிரையில் முந்நூற்று இருபது மரம். அவர் நிரையில் அவர் தொட்டுவிட்டுப் போனது நாற்பது. பாட்டு வரும் மாதங்களில் ஒரு காலைக்கு என் கணக்கு:

முந்நூற்று அறுபது.